மூட்டைக்கு யாரும் பதில் சொல்வதில்லை

— இதக் கேளுங்க அண்ணி. "மூட்டைக்குத் தனிப் புத்தகமா? அப்ப அடுத்து நெருப்பனோட செருப்புக்கும் ஒரு தொடர் போட்டுடுங்க. அதுவும் அவன் கூடவேதான வருது?"

— நல்லாத்தான் கேட்டிருக்கார். கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி, வெளிச்சத்த மறைக்கறீங்க.

— சிரிக்காதீங்க. இந்த மாதிரி எழுதினவர் ஒருத்தர்தான். மத்ததக் கேட்டா ஆடிப் போயிடுவீங்க. எடிட்டர் காலையிலேருந்து போன் மேல போன். நெருப்பன் படக்கதைக்கு இத்தனை வருஷத்துல இவ்வளவு பேர் எழுதினதே இல்லயாம். நெனைச்சுப் பாருங்க. நெருப்பன் பின்னாடி கயித்தையும் ஏணியையும் தூக்கிக்கிட்டு ஓடறவன். தடுக்கி விழுந்து சிரிக்க வெக்கறதுக்குன்னே இருக்கறவன். அவனுக்கு!

— அப்படி என்னதான் எழுதறாங்க?

— ஒரு பஸ் கண்டக்டர். "நெருப்பன் தீயில குதிக்கறதப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு. வெளிய கயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்கறானே மூட்டை, அவன் என்ன நெனைச்சுக்கிட்டிருந்தான்னு யாருமே சொல்லல. நானும் வண்டியில அப்படித்தான் நிக்கறேன். இப்பதான் ஒருத்தர் சொல்றீங்க." இன்னொருத்தங்க, "மூட்டை தனியா நடந்து வீட்டுக்குப் போற பக்கத்துல ஒரு பேச்சும் இல்ல. அதையே பாத்துக்கிட்டு நின்னேன். அடுப்புல பால் பொங்கி வழிஞ்சுடுச்சு."

— பாலுக்கு நம்மகிட்ட நஷ்ட ஈடு கேக்கலயே?

— பால்... பாவம். அதுக்கும்... கதை புடிச்சிருச்சு போல.

— அண்ணன் முழிச்சிருக்காரா?

— சாப்பிட்டதுலேருந்து முழிப்புதான். கதவும் தொறந்துதான் இருக்கு. உள்ள போய் ஒரு நிமிஷம் பாத்துட்டு வாங்களேன்.

— போறப்பப் பாக்கறேன் அண்ணி. மொதல்ல இத முடிச்சுடலாம்.

— போன வாரமும் போறப்பப் பாக்கறேன்னுதான் சொன்னீங்க. சரி போகட்டும். பென்சில் சீவியாச்சு. ரெண்டாவது புத்தகம், சொல்லுங்க.

— அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். எடிட்டர் ஒரு யோசனை சொல்லியிருக்கார். அவர் யோசனைன்னு சொல்ல முடியாது, வாசகருங்க கெளப்பினது.

— அதக் கதையோடயே சொல்லுங்க. கட்டம் கட்டமா சொன்னாத்தான் என் மண்டையில ஏறும்.

— உங்களுக்கு அண்ணன் பழக்கிவிட்ட பழக்கம். ஊர்ல எல்லாரும் எழுதிக் குடுத்து வரைய வெக்கறாங்க. இந்த வீட்டுல மட்டும் வாயால சொல்லணும்.

— எழுதிக் குடுத்தா நீங்க வந்து உக்கார மாட்டீங்களே. சொல்லுங்க.

— மொதல் கட்டம். தெருமுனை. பொழுது சாயற நேரம். மூட்டை தோள்ல பாரத்தோட வரான். தெருவுல ஆளுங்க இருக்காங்க, ஒருத்தரும் அவனப் பாக்கல.

— ம்.

— ரெண்டாவது. அவன் குடியிருக்கற மாடி. கதவத் தட்டறான். ஒரு பொண்ணு தொறக்கறா. புதுசா குடி வந்தவ. அவனத் தாண்டிப் படியப் பாத்துட்டு, "யாரும் இல்லயே"ங்கறா.

— உள்ள வாங்கன்னு... சொல்லச் சொல்லு. பாவம். மூட்டை... கனக்கும்ல.

— மூணாவது கட்டம், அவ கதவச் சாத்தறா. மூட்டை அங்கயே நிக்கறான். பெரிய கட்டமா இருக்கட்டும் அண்ணி, அந்தக் கதவு பெருசாத் தெரியணும்.

— பெருசாவே போடறேன். மூலையில கொஞ்சம் எடம் விட்டுக்கறேன்.

— விடுங்க, அது உங்க எடம். நாலாவது. மூட்டை அணைக்கரைக்குப் போறான். ஞாபகம் இருக்குல்ல, அந்த அணை ஒடையற கதை. அதே எடம். அஞ்சாவது, கரையில புல்லு வளந்திருக்கு. புல்லுக்குள்ள ஒரு கல்லு. அவன் குனிஞ்சு பாக்கறான். ஆறாவது கட்டம், பக்கம் முழுக்க அது ஒண்ணுதான். கல்லுல அவன் பேரு.

— பென்சில வெச்சுட்டேன் தம்பி. கல்லுல எதுக்கு அவன் பேரு?

— அதத்தான் சொல்ல வந்தேன். மூட்டை செத்துட்டான்னு வாசகருங்க ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க அண்ணி. இப்ப இல்ல, ரொம்ப நாளாவே இந்தப் பேச்சு ஓடுது. தனிப் புத்தகம் வந்ததும் பத்திக்கிச்சு.

— எந்தக் கதையில செத்தான்?

— எந்தக் கதையிலயும் இல்ல. அணைக் கதைக்கப்புறம் மூட்டை எது சொன்னாலும் யாரும் பதில் சொல்றதில்லயாம். ஒருத்தர் பழைய புத்தகம் பூரா எடுத்து வெச்சுப் பாத்திருக்கார். அதுக்கு முன்னாடியெல்லாம் மூட்டை வாயத் தொறந்தா நெருப்பன் "வாய மூடுடா"ன்னாவது சொல்வான். அதுக்கப்புறம் அந்த வசவும் இல்ல. மூட்டை மூலையில நின்னு ஏதாவது சொல்லுவான், கதை அது பாட்டுக்குப் போகும்.

— மூஞ்சி பாதிதான் தெரியுதுன்னும் சொல்லியிருப்பாங்களே.

— ஆமா! நீங்களும் படிச்சீங்களா?

— வரையறவ நான்தான தம்பி.

— கட்டத்தோட கோடு அவன் மூஞ்சிய வெட்டுது, பாதி இங்க பாதி அங்க, அதனால ஆவிதான்னு தீர்ப்பே எழுதிட்டாங்க. அணையில முழுகிட்டான், செத்தது அவனுக்கே தெரியல, பழக்க தோஷத்துல கூடவே ஓடிக்கிட்டிருக்கான். சத்தியமா சொல்றேன், படிச்சப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஒரு பொண்ணு எழுதியிருக்கு: "செத்துட்டான்னு சொல்லித் தொலைங்க. நிம்மதியா ஒரு தடவ அழுதுட்டுப் போயிடறோம்."

— அணைக் கதை பாதியில இருந்தப்பதான் உங்க அண்ணன் வாதம் வந்து விழுந்தார்.

— தெரியும் அண்ணி.

— பாதி அவர் சொன்னது. மீதி நீங்க.

— என்னால முடிஞ்ச மாதிரி முடிச்சேன். நெருப்பன சமாளிச்சுட்டேன். மூட்டை வரல. அவனுக்குன்னு எத எழுதினாலும் சோப்பு விளம்பரம் மாதிரி இருந்துச்சு. அதான் விட்டுட்டேன். வேணும்னு பண்ணல.

— குத்தம் சொல்லல. நடந்ததச் சொன்னேன்.

— விட்டுட்டேன்னு பாத்தா, அச்சாகி வந்தப்ப மூலையில நிக்கறான். பேசவும் செய்யறான். எடிட்டர் நான் எழுதினதுன்னு நெனைச்சுக்கிட்டார், நானும் வாயத் தொறக்கல. இன்னிக்காவது சொல்லிடறேன் அண்ணி. மொத்தப் புத்தகத்துலயும் நல்லா இருக்கறது நீங்க மூலையில எழுதறதுதான். கமெண்ட் போடறவங்க பாதிப் பேர் அதைத்தான் எடுத்து எடுத்துப் போடறாங்க.

— எதப் போடறாங்க?

— "என்னத் தாண்டித்தான் எல்லாரும் போறாங்க. வாசப்படியக்கூட குனிஞ்சு பாத்துட்டுத்தான் தாண்டுவாங்க." இத ஒருத்தர் சட்டையில அச்சடிச்சுப் போட்டுக்கிட்டு போட்டோ அனுப்பியிருக்கார். அப்புறம் இது, "என் ரெண்டு காலுக்கும் பேச்சுவார்த்தை இல்ல. ஒண்ணு வரமாட்டேங்குது, இன்னொண்ணு தனியாப் போக மாட்டேங்குது." பல்லியப் பத்தி ஒண்ணு வருமே, அது ஒரு ஆஸ்பத்திரி நர்ஸுக்கு ரொம்பப் புடிச்சுப் போயி...

— சன்னல... சாத்துங்க. கட்டில் நனையுது. நான் நனைஞ்சா... பரவால்ல. என்னை... காயப் போட்டுக்கலாம்.

— இதோ வரேங்க... இருங்க தம்பி.

— ...

— சாத்திட்டேன். போர்வையையும் மாத்திட்டேன். என்னக் கொடியில போட்டுக் கிளிப்பு மாட்டிடாதன்னு சொல்றார். நீங்க சொல்லுங்க.

— பாவம் அண்ணி நீங்க. சரி, இந்தக் கல்லு கட்டத்த இன்னிக்குப் போட்டுட்டீங்கன்னா நாளைக்கே பென்சில் கோட்டு மேல மை போட ஆரம்பிச்சுடலாம். அடுத்த வாரம் அச்சுக்குப் போகணும்.

— நான் அதப் போட மாட்டேன்.

— அண்ணி?

— தெரு போட்டாச்சு, கதவு போட்டாச்சு, அணைக்கரை, புல்லு எல்லாம் போடறேன். கல்லு போட மாட்டேன். அவன் சாகல.

— அண்ணி, அதாவது... இது வெறும் கதை. நம்ம கையில கூட இல்ல இப்ப. ஊரே அவன் செத்துட்டான்னு நம்பி அழுதுக்கிட்டிருக்கு. நாம இல்லன்னு சொன்னா புத்தகத்தத் தூக்கிக் கடாசிடுவாங்க. எடிட்டர் ஒரே வார்த்தையில முடிச்சுட்டார். அண்ணி வரையலன்னா வேற ஆள் வரைவார், ஆள் தயாரா இருக்கார்னு.

— வரையட்டும்.

— எவனோ ஒருத்தன் கையால மூட்டை சாகறதுக்கு உங்க கையால போனா மரியாதையாப் போவான்ல?

— மரியாதையாச் சாகடிக்க ஒரு வழி கண்டுபுடிச்சு வெச்சிருக்கீங்க.

— ஏன் இப்படிப் பேசறீங்க? எனக்கு மட்டும் ஆசையா? அவன் அண்ணன் பெத்த புள்ள மாதிரி. நான் சின்னப் பையனா இருந்தப்ப எனக்குச் சோறு எறங்கறதுக்காக அண்ணன் மூட்டை மாதிரி பேசிக் காட்டுவார். மூட்டைதான் மொதல்ல வந்தான், நெருப்பன் அப்புறந்தான் வந்தான், அதெல்லாம் எனக்குத் தெரியாதா? ஆனா அண்ணனே இல்லன்னு ஆனப்புறம்...

— இல்லன்னு ஆனப்புறமா?

— அந்த அர்த்தத்துல சொல்லல.

— எந்த அர்த்தத்துல சொன்னீங்க?

— விடுங்க அண்ணி. எல்லாரும் ஒரே மாதிரி எழுதலதான், ஒத்துக்கறேன். மறுத்துப் பேசறவங்களும் இருக்காங்க. இந்தாங்க, ஒருத்தங்க எழுதியிருக்காங்க. "மூட்டை செத்துட்டான்னு அடிச்சுச் சொல்றவங்க யார் வீட்டுலயும் படுத்த படுக்கையா ஒரு ஆள் இல்ல போல. எங்க வீட்டுல மாமனார் இருக்கார். நாள் பூரா எதையாவது கேட்டுக்கிட்டே இருப்பார். வர்றவங்க போறவங்க ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டாங்க. அவர் செத்தா போயிட்டார்?" இதுக்குக் கீழ நாலு பேரு கேலி பண்ணியிருக்காங்க, கதையையும் சொந்தக் கதையையும் போட்டுக் கொழப்பாதீங்கன்னு.

— அத இன்னொரு தடவ படிங்க தம்பி.

— "மூட்டை செத்துட்டான்னு அடிச்சுச் சொல்றவங்க யார் வீட்டுலயும்..."

— சத்தமாப் படிங்க.

— "...படுத்த படுக்கையா ஒரு ஆள் இல்ல போல." அண்ணி, அழறீங்களா?

— அந்தம்மா எந்த ஊரோ, யாரோ. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத் தெரியல.

— எனக்கு என்ன தெரியல?

— உள்ள படுத்திருக்கறவர் புரிஞ்சு பேசறார்னு நெனைக்கறீங்களா, இல்லயா? உள்ளதச் சொல்லுங்க.

— டாக்டர் சொன்னாரே அண்ணி. பேச்சு வரும், அர்த்தத்தோட வருதான்னு சொல்ல முடியாதுன்னு. அவர் சொல்லணும்னுகூட இல்ல. ஆஸ்பத்திரியில அண்ணன் கண்ணு முழிச்சப்ப பக்கத்துல நானும் டாக்டரும்தான் இருந்தோம். "அண்ணே, நான் யாருன்னு தெரியுதா?"ன்னு கேட்டேன். அவர் சொன்ன பதில உங்ககிட்டகூட நான் சொன்னதில்ல.

— எனக்கு அப்பவே தெரியும். நீங்க சொல்லுங்க.

— "தெரியுதே. பொணத்த எடுக்க வந்தவருதான? கொஞ்சம் உக்காருங்க. இன்னும் முடியல." இதான் சொன்னார். மூஞ்சியில ஒரு சலனம் இல்ல. கண்ணு மட்டும் என்னையே பாக்குது. தூக்கி வளத்த தம்பிய அடையாளம் தெரியல. வராண்டாவுல போயி நின்னு அழுதேன் அண்ணி. என் அண்ணன் போயிட்டார், வெறும் ஒடம்பு பேசுதுன்னு அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அந்த ரூமுக்குள்ள கால் வைக்க முடியல. வெச்சா திரும்பவும் மொதல்லேருந்து அழணும்.

— பொணத்த எடுக்க வந்தவர உக்காரச் சொன்னத மூட்டை சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

— மூட்டை சொல்லியிருந்தா...

— ம்.

— சிரிச்சிருப்பேன்.

— நான் சிரிச்சேன். டாக்டர் ரொம்ப வருத்தத்தோட வெளிய வந்து, உங்க வீட்டுக்காரர் இப்படி சம்பந்தமில்லாமப் பேசறார்னு இதச் சொன்னார். வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். எனக்கும் ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்து போயி என்னப் புடிச்சு உக்கார வெச்சுத் தண்ணி குடுத்தார்.

— அது... ஜோக்கா?

— அந்த மனுஷன் வேற என்னத்த சொல்லியிருக்கார் ஜென்மத்துல? நீங்க மறந்துட்டீங்க. முன்னெல்லாம் ஏதாவது சொல்றதுக்கு முன்னாடியே அவர் புருவம் ஏறும். வாயி ஒரு பக்கம் கோணும். வரப் போகுதுன்னு நமக்குத் தெரிஞ்சுடும், சிரிக்கத் தயாராயிடுவோம். இப்ப ஒரு பக்கம் அசையல. இன்னொரு பக்கம் அதத் தூக்கிப் பிடிக்கவே சரியாப் போவுது. சிரிக்காத மூஞ்சியோட சொன்னார். புத்தி போயிடுச்சுன்னு எல்லாரும் எழுந்து போயிட்டீங்க.

— மூஞ்சி பாதி...

— அசையாத பக்கத்த எப்படி வரையறதுன்னு எனக்குத் தெரியல. வரைஞ்சு வரைஞ்சு அழிச்சேன். கடைசியில கோட்டுக்கு வெளிய விட்டுட்டேன்.

— அப்ப அந்த வசனமெல்லாம்?

— எனக்கு ஒரு வரி எழுத வராது தம்பி. நீங்க வாரா வாரம் இதே நாற்காலியில உக்காந்து கட்டம் கட்டமாச் சொல்றீங்க. உள்ளேருந்து அவரும் சொல்றார். நீங்க நிறுத்த மாட்டீங்க, நெருப்பன் அடுத்த மாடிக்குத் தாவிடுவான். நீங்க சொன்னத நடுவுல போட்டேன். அவர் சொன்னத மூலையில போட்டேன். வேற ஒண்ணும் பண்ணல. இந்த வீட்டுல நடந்தத அப்படியே வரைஞ்சேன்.

— வாசப்படி...

— தண்ணி குடிக்க உள்ள போனீங்க. அவர் கதவத் தாண்டித்தான் போனீங்க, தாண்டித்தான் வந்தீங்க. ரெண்டு தடவையும் சுவத்தப் பாத்துக்கிட்டே.

— ஏன் அண்ணி இத்தனை நாளாச் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

— சொல்லணும்னு வாய் வரைக்கும் வரும். வேணாம்பார். "அவனா ஒரு நாள் கேப்பான், அதுவரைக்கும் நான் மூலையில இருந்துக்கறேன்"பார். புத்தகம் வந்ததும் படிச்சுக் காட்டச் சொல்வார். அடுத்த கட்டத்துல யாராவது என்னமாவது சொல்லியிருக்காங்களான்னு கேப்பார். மத்தவங்க வாயில நான் எப்படி வார்த்தைய வைப்பேன்? அவங்க பேச்சு உங்க கையிலல்ல இருந்துச்சு?

— இப்ப நான் பேசினதெல்லாம் அவருக்கு... அந்தக் கல்லு, அண்ணன் இல்லன்னு ஆனப்புறம்னு சொன்னேனே...

— காதுக்கு ஒரு கொறையும் இல்ல.

— ஐயோ.

— நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் தம்பி. கல்லு வரைய வேற ஆள் இருக்கார்னு சொன்னீங்க. தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க. பேப்பர் உங்களது, பேரு அவருது, பென்சில் மட்டும்தான் என்னுது.

— அண்ணி, நான் உள்ள போகட்டுமா?

— என்னைக் கேக்காதீங்க.

— போயி என்னன்னு பேசறது? எங்கேருந்து ஆரம்பிக்கறது?

— யாராவது... ஒரு வார்த்தை பேசுங்கப்பா. சுவத்துகிட்டயே பேசறேன். பாவம்... அதுக்கும் அலுத்துப் போச்சு.

— அண்ணே! நான்தாண்ணே. இங்கதாண்ணே இருக்கேன். வந்துட்டேண்ணே.

— பதில்... சொல்லிட்டியேடா. பாவம். இனிமே செத்தவன்னு... எப்படிக் கதை எழுதுவ?